12 டெஸ்லாவில் திரும்பி வரும் மீக்கடத்தல்

மீக்கடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துபவை) பாடத்தில் ஒரு படம் உண்டு. கிடை அச்சில் வெப்பநிலை, நிலைக்குத்து அச்சில் காந்தப்புலம் (டெஸ்லா என்ற அலகில்). இடப்பக்கம் உயரத்தில் தொடங்கும் ஒரு வளைகோடு வலப்பக்கமாகச் சரிந்து அடியைத் தொடும். கோட்டுக்கு உள்ளே இருந்தால் மீக்கடத்தி, வெளியே வந்துவிட்டால் சாதாரண உலோகம். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எல்லாரும் இதைக் கரும்பலகையில் வரைந்திருப்போம். நானும் வருடந்தோறும் வரைகிறேன். அப்படி வரைந்துகொண்டிருந்த ஒரு வகுப்பில் மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், கோட்டுக்கு மேல இன்னும் போய்க்கிட்டே இருந்தா? அங்க யாராவது போய்ப் பார்த்திருக்காங்களா?" பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னேன். யுரேனியம், ரோடியம், ஜெர்மானியம் மூன்றும் சேர்ந்த ஒரு படிகத்தில் 2 டெஸ்லாவில் அழிந்துபோகிற மீக்கடத்தல், 8 டெஸ்லாவில் மறுபடி வந்துவிடுகிறது என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வந்தபோது மூத்த நண்பர் ஒருவர், "அதெல்லாம் விதிவிலக்கு சார், பசங்களக் குழப்பாதீங்க" என்றார்.

அக்கறையோடு சொன்னதுதான். ஆனாலும் அந்தக் கருத்து எனக்குள் அடங்கவே இல்லை. விதிவிலக்கு என்று சொன்னால், அந்தப் படிகத்தில் ஏதோ ஒரு விதி முறிந்திருக்க வேண்டும். நான் படித்துப் பார்த்த வரையில் எந்த விதியும் அங்கே முறியவில்லை. காந்தப்புலம் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்பதும் உண்மைதான், அந்தப் படிகத்தில் காந்தப்புலம் மீக்கடத்தலைத் திரும்பக் கொண்டுவருகிறது என்பதும் உண்மைதான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிப் பொருந்தும் என்று யோசிக்க யோசிக்க, சந்தேகம் அந்தப் படத்தின் மீதே திரும்பியது. நிலைக்குத்து அச்சில் நாம் எழுதுவது ஒரு எண், இத்தனை டெஸ்லா என்று. அந்தப் புலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அங்கே எழுத இடமே இல்லை. ஈயம், பாதரசம் மாதிரி எளிய உலோகங்களுக்கு அது போதும். தானே காந்தமாக இருக்கிற ஒரு மீக்கடத்திக்குப் போதவே போதாது.

காந்தம் கெடுக்கும் இரண்டு வழிகள்

மெய்ஸ்னர் விளைவிலிருந்து (மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளுவது) தொடங்க வேண்டியதில்லை, இதைப் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்கும். ஆனால் காந்தப்புலம் ஒரு கூப்பர் இணையை (மீக்கடத்தலைத் தரும், ஜோடி சேர்ந்த இரண்டு எலக்ட்ரான்களை) இரண்டு வெவ்வேறு வழிகளில் பிரிக்கிறது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வழி, எலக்ட்ரான்களின் ஓட்டத்தைத் தொடுவது. புலம் பொருளுக்குள் மெல்லிய சுழல்களாக நுழைகிறது. ஒவ்வொரு சுழலின் நடுவிலும் ஒரு சின்ன இடம் சாதாரண உலோகமாகிவிடுகிறது. புலத்தைக் கூட்டினால் சுழல்கள் நெருங்கும், கடைசியில் அந்த நடுப்பகுதிகள் ஒன்றோடு ஒன்று கலந்து எல்லாம் முடிந்துபோகும். இரண்டாவது வழி, எலக்ட்ரான்களின் தற்சுழற்சியை (ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் காந்தமாக்கும் பண்பை) தொடுவது. வழக்கமான கூப்பர் இணையில் ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி இருக்கும். வெளிப்புலமோ இரண்டையும் தன் பக்கம் திருப்பப் பார்க்கிறது. திரும்புவதால் கிடைக்கும் ஆற்றல் இணைப்பின் ஆற்றலை மிஞ்சும்போது இணை பிரிந்துவிடும்.

இந்த இரண்டாவது எல்லையை 1962-இல் இருவர் தனித்தனியாகக் கணக்கிட்டார்கள். ஒருவர் கிளாக்ஸ்டன், மற்றவர் பி.எஸ். சந்திரசேகர். (விண்மீன்களுக்கு எடை வரம்பு சொல்லி நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் வேறு. நம் ஊரில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். இரண்டு பேர் பெயரிலும் ஒரு வரம்பு இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.) அவர்கள் சொன்ன கணக்கு மிக எளிது. மாறுநிலை வெப்பநிலையை, அதாவது மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையை, கெல்வினில் எடுத்து 1.86-ஆல் பெருக்கினால், அந்த மீக்கடத்தி தாங்கக்கூடிய அதிகபட்சப் புலம் டெஸ்லாவில் கிடைக்கும். 0.25 கெல்வினில் மீக்கடத்தியாகிற பொருள் அரை டெஸ்லாவைக்கூடத் தாங்கக் கூடாது. இந்த 0.25 என்ற எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெளியிலிருந்து வருகிற புலத்துக்கே இந்தக் கதி என்றால், பொருளே காந்தமாக இருந்தால்? 1956-57 வாக்கிலேயே கின்ஸ்பர்க் இதைப் பற்றி எழுதியிருக்கிறார், ஃபெர்ரோ காந்தத்தின் (இரும்பைப் போல, அணுக்கள் தாமாகவே ஒரே பக்கம் திரும்பி நிற்கும் காந்தம்) உட்புலம் மீக்கடத்தலை அனுமதிக்காது என்பதுதான் அதன் சாரம். 1958-இல் மத்தியாஸ் குழுவினர் லாந்தனத்தில் கொஞ்சமே கொஞ்சம் அருமண் காந்த அணுக்களைக் கலந்து பார்த்தார்கள், மாறுநிலை வெப்பநிலை மடமடவென்று இறங்கியது. 1977-இல் இன்னும் தெளிவான சாட்சி கிடைத்தது. எர்பியம், ரோடியம், போரான் சேர்ந்த ஒரு சேர்மம் 8.7 கெல்வினில் மீக்கடத்தியாகிறது, ஆனால் குளிர்வித்துக்கொண்டே போனால் 0.9 கெல்வின் அளவில் எர்பியம் அணுக்கள் ஒரே பக்கம் திரும்பி ஃபெர்ரோ காந்தமாகின்றன, அந்தக் கணமே மின்தடை திரும்பி வந்துவிடுகிறது. இதை எல்லாம் பார்த்தவர்கள் கதை முடிந்தது என்று நினைத்ததில் தவறே இல்லை. அந்தச் சேர்மத்தில் காந்தத்தைத் தருவது எர்பியத்தின் எலக்ட்ரான்கள், மின்சாரத்தைக் கடத்துவது பெரும்பாலும் ரோடியத்தின் எலக்ட்ரான்கள். இரண்டு வெவ்வேறு கூட்டம், ஒன்று வந்தால் மற்றது போகிறது.

ஒரே எலக்ட்ரான்கள், இரண்டு வேலை

2000-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜிலும் கிரெனோபிளிலும் இருந்தவர்கள் சேர்ந்து வெளியிட்ட முடிவு இந்த ஏற்பாட்டை மாற்றியது. பொருள், யுரேனியமும் ஜெர்மானியமும் சேர்ந்த ஒரு சேர்மம். சாதாரண அழுத்தத்தில் 52 கெல்வினுக்குக் கீழே அது ஃபெர்ரோ காந்தம், அவ்வளவுதான். ஆனால் அதை வளிமண்டல அழுத்தத்தைப் போல 10,000 முதல் 16,000 மடங்கு வரை அழுத்தினால், 1 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தியாகிறது, ஃபெர்ரோ காந்தமாக இருந்துகொண்டே. அழுத்தத்தை இன்னும் கூட்டினால் காந்தத்தன்மை அழிகிறது, அதோடு சேர்ந்து மீக்கடத்தலும் அழிகிறது. காந்தம் மறைந்தால் மீக்கடத்தலுக்கு விடுதலை என்று எதிர்பார்த்த இடத்தில், இரண்டும் ஒன்றாகப் போகின்றன. இங்கே காந்தத்தைத் தருவதும் மின்சாரத்தைக் கடத்துவதும் யுரேனியத்தின் அதே 5எஃப் எலக்ட்ரான்கள்தான்.

அப்புறம் வரிசையாக வந்தன. 2001-இல் யுரேனியம்–ரோடியம்–ஜெர்மானியம், அழுத்தமே தேவையில்லாமல். கியூரி வெப்பநிலை (இதற்குக் கீழேதான் ஃபெர்ரோ காந்தம்) 9.5 கெல்வின், மீக்கடத்தலின் மாறுநிலை 0.25 கெல்வின். 2007-இல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து யுரேனியம்–கோபால்ட்–ஜெர்மானியம். கியூரி வெப்பநிலை சுமார் 3 கெல்வின்தான், அணுக்களின் காந்தமும் மிக மெலிந்தது. நடுவில் சிர்க்கோனியமும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு ஃபெர்ரோ காந்தமும் மீக்கடத்தி என்று 2001-இல் அறிவிக்கப்பட்டது. பிறகு, படிகத்தை மின்பொறியால் வெட்டும்போது அதன் மேற்பரப்பில் உண்டான மாற்றம்தான் அதற்குக் காரணம் என்று தெரிந்தது. யுரேனியச் சேர்மங்களில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. வெப்ப ஏற்புத்திறனிலேயே தெளிவான தாவல் தெரிகிறது, அது மேற்பரப்பிலிருந்து மட்டும் வர முடியாது.

ஒரு காந்தத்துக்குள் கூப்பர் இணை எப்படித் தப்பிக்கிறது? இணையில் இருக்கிற இரண்டு எலக்ட்ரான்களும் ஒரே பக்கம் பார்த்தால் தப்பிக்கலாம். எதிரெதிராக இருப்பவற்றைத்தான் புலம் பிரிக்கும், ஏற்கெனவே ஒரே பக்கம் திரும்பியிருப்பவற்றை அந்த வழியில் பிரிக்க முடியாது. இப்படிப்பட்ட இணைகள் 1972-இல் ஹீலியம்-3 மீப்பாய்மத்தில் (உராய்வே இல்லாமல் ஓடும் திரவத்தில்) தெரியவந்தன, அங்கே இணை சேர்வது எலக்ட்ரான்களல்ல, அணுக்கள். சரி, உலோகத்தில் இவற்றை ஒன்றுசேர்ப்பது எது? வழக்கமான மீக்கடத்தியில் அந்த வேலையைச் செய்வது அணிக்கோவையின், அதாவது படிகத்தில் வரிசையாக நிற்கும் அணுக்களின், அதிர்வு. இங்கே அந்த வேலையைக் காந்தமே செய்கிறது. மேல்நோக்கித் திரும்பிய எலக்ட்ரான் ஒன்று காந்தமாவதற்குத் தயாராக இருக்கும் ஒரு உலோகத்துக்குள் நகரும்போது, தன்னைச் சுற்றி இருப்பதையும் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிவிட்டுப் போகிறது. அந்த இடத்துக்கு மேல்நோக்கித் திரும்பிய இன்னொரு எலக்ட்ரான் ஈர்க்கப்படுகிறது. 1980-இல் ஃபேயும் அப்பெலும் இப்படி ஒரு கணக்கைப் போட்டு வைத்திருந்தார்கள், சோதனை வருவதற்கு 20 ஆண்டு முன்பே.

இந்த விளக்கத்தில் எளிதில் தவறவிடக்கூடிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. இணைகளை உண்டாக்குவது காந்தத்தின் வலிமை இல்லை, அதன் ஏற்ற இறக்கம். நன்றாக நிலைபெற்ற காந்தம் ஒரு எலக்ட்ரானைக் கண்டு அசைவதில்லை. இரும்பு நல்ல ஃபெர்ரோ காந்தம், ஆனால் அந்த நிலையில் அது மீக்கடத்தியாவதில்லை. ஒரு தட்டில் பெரிய எடையை வைத்த தராசின் முள் ஊதினாலும் நகராது, இரண்டு தட்டும் கிட்டத்தட்டச் சமமாக நிற்கும்போது சின்ன மூச்சுக்கும் முள் அங்குமிங்கும் ஆடும். காந்தமும் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறப்போகிற தறுவாயில்தான் அதிகம் ஆடுகிறது. யுரேனியம்–ஜெர்மானியம் சேர்மத்திலும் மீக்கடத்தல் உச்சத்தைத் தொடுவது, இரண்டு வகை ஃபெர்ரோ காந்த நிலைகளுக்கு நடுவில் இருக்கும் எல்லையருகேதான்.

கிரெனோபிள், 2005

என் மனதில் வந்து உட்கார்ந்துகொண்ட சோதனை இதுதான். கிரெனோபிளில் லெவி, ஷெய்கின், கிரெனியே, ஹக்ஸ்லி ஆகிய நால்வர் யுரேனியம்–ரோடியம்–ஜெர்மானியப் படிகம் ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் படிகத்தின் மூன்று அச்சுகளும் (ஏ, பி, சி) ஒன்றுக்கொன்று செங்குத்து, ஆனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. யுரேனிய அணுக்களின் காந்தம் தானாகவே சி அச்சைப் பார்த்து நிற்கிறது. அவர்கள் வெளிப்புலத்தை அந்தத் திசையில் கொடுக்கவில்லை, அதற்குச் செங்குத்தான பி அச்சின் திசையில் கொடுத்தார்கள். படிகத்தை 0.1 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்துவிட்டு, புலத்தைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல மெல்ல ஏற்றினார்கள்.

2 டெஸ்லா வரை மின்தடை பூஜ்யம். இதுவே ஒரு செய்திதான், ஏனென்றால் கிளாக்ஸ்டன்–சந்திரசேகர் எல்லை இந்தப் பொருளுக்கு அரை டெஸ்லாவுக்கும் கீழே. இணைகள் ஒரே பக்கம் திரும்பியவை என்பதற்கு இது ஒரு சாட்சி. 2 டெஸ்லாவில் மின்தடை எழுகிறது, பாடப்புத்தகம் சொன்னபடியே. அதற்கு மேலும் புலத்தை ஏற்றுகிறார்கள். 3, 4, 5, 6, 7 டெஸ்லா. சாதாரண உலோகம்தான். 8 டெஸ்லா அளவில் மின்தடை இறங்கத் தொடங்கி மறுபடியும் பூஜ்யத்தில் போய் உட்காருகிறது. அப்படியே 13 டெஸ்லா வரை. அதோடு நிற்கவில்லை. அந்த இரண்டாவது பகுதியில் வெப்பநிலையைக் கூட்டிப் பார்த்தால், 12 டெஸ்லாவில் மீக்கடத்தல் சுமார் 0.4 கெல்வின் வரை தாங்குகிறது. புலமே இல்லாதபோது அது தாங்குவது 0.25 கெல்வின்தான். 12 டெஸ்லாப் புலத்துக்குள் இருக்கும் மீக்கடத்தல், புலமே இல்லாத மீக்கடத்தலைவிட உறுதியாக இருக்கிறது.

இந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது, அந்த 2-க்கும் 8-க்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். புலத்தை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் 3 டெஸ்லாவில், சரி, முடிந்தது என்று நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல் போனதற்குக் காரணம் வெறும் ஆர்வம் மட்டுமில்லை. பி அச்சுத் திசையில் புலம் ஏறும்போது இந்தப் படிகத்தின் காந்தத்துக்கு ஏதோ ஆகிறது என்பது காந்தமாக்கல் அளவீடுகளிலிருந்து தெரிந்திருந்தது. அதைத்தான் அவர்களும் பின்தொடர்ந்தார்கள். சி அச்சைப் பார்த்து நிற்கும் யுரேனியக் காந்தத்தை, பக்கவாட்டில் இருக்கிற புலம் தன் பக்கம் இழுக்கிறது. முதலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது. 12 டெஸ்லாவுக்குப் பக்கத்தில் வரும்போது ஒரேயடியாகத் திரும்பி பி அச்சின் பக்கம் போய்விடுகிறது. மீக்கடத்தல் உச்சத்தில் இருக்கும் புலமும், காந்தம் திரும்புகிற புலமும் ஒன்றுதான்.

இப்போது எல்லாம் பொருந்துகிறது. 12 டெஸ்லாவில் அந்தக் காந்தம் சி அச்சா பி அச்சா என்று முடிவாகாத நிலையில் இருக்கிறது. இரண்டு திசைகளுக்கும் ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்போதுதான் அதன் ஆட்டம் மிகப் பெரிதாக இருக்கும், எலக்ட்ரான்களை இணைக்கும் விசையும் மிக வலுவாக இருக்கும். புலம் சுழல்களை உண்டாக்கிக் கெடுக்கிற வேலையை நிறுத்தவே இல்லை, 12 டெஸ்லாவிலும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதே புலம் இன்னொரு பக்கத்தில் காந்தத்தைத் தள்ளாட வைத்து இணைப்பைப் பலப்படுத்துகிறது. 2 முதல் 8 டெஸ்லா வரை கெடுப்பது ஜெயிக்கிறது, 8-லிருந்து 13 வரை பலப்படுத்துவது ஜெயிக்கிறது. இன்னொரு உதவியும் கிடைக்கிறது. இந்த ஆட்டத்தோடு கலந்த எலக்ட்ரான்களின் பயனுறு நிறை (உலோகத்துக்குள் அவை காட்டும் கனம்) அந்தப் புலத்தருகே கூடுகிறது. கனமான எலக்ட்ரான்களின் இணை அளவில் சிறுத்துவிடும், சுழலின் நடுப்பகுதியும் அதோடு சிறுக்கும், அதனால் எத்தனையோ சுழல்கள் நெருங்கி வந்தாலும் ஒன்றோடொன்று கலக்காமல் தாங்கும். 2007-இல் ஏறக்குறைய அதே குழு, புலத்தைப் பி அச்சிலிருந்து ஏ அச்சின் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தது. 28 டெஸ்லாவைத் தாண்டியும் மீக்கடத்தல் தாங்கியது. அதே புலத்தைச் சி அச்சின் பக்கம் சில பாகை சாய்த்தால், உயர்புலத்தில் திரும்பி வந்த மீக்கடத்தல் காணாமல் போகிறது. ஒரு பக்கம் சாய்த்தால் நீள்கிறது, இன்னொரு பக்கம் சாய்த்தால் மறைகிறது. "வலுவான காந்தப்புலத்தில் இது எப்படி நடந்துகொள்ளும்?" என்று மட்டும் கேட்டால் அந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. எந்தப் பக்கம் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

இன்னொரு விளக்கமும் உண்டு

புலத்தால் வருகிற மீக்கடத்தல் என்றாலே பழைய ஆட்கள் யாக்கரினோ–பீட்டர் விளைவைச் சொல்வார்கள். அதுவும் 1962-இல் வந்த கருத்துதான். சில பொருள்களில் காந்த அணுக்கள் எலக்ட்ரான்களின் தற்சுழற்சி மீது ஒரு உட்புலத்தைச் செலுத்தும், அது வெளிப்புலத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும். வெளிப்புலத்தை ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு கழிந்துபோகும், எலக்ட்ரான்களுக்குப் புலமே இல்லாத மாதிரி ஆகிவிடும், மீக்கடத்தல் வரும். 1984-இல் யூரோப்பியம் கலந்த ஒரு மாலிப்டினம் சல்ஃபைடில் இது காணப்பட்டது. 2001-இல் இரும்பு இருக்கிற ஒரு கரிமச் சேர்மத்தில் சுமார் 18 டெஸ்லாவுக்கு மேல் மீக்கடத்தல் வந்ததையும் இதை வைத்துத்தான் விளக்குகிறார்கள்.

அழகான கருத்து, அந்தப் பொருள்களுக்குச் சரியாகவும் இருக்கிறது. ஆனால் யுரேனியம்–ரோடியம்–ஜெர்மானியத்துக்கு இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. கழித்தல் மட்டும்தான் நடக்கிறது என்றால், பழைய இணைப்பு விசையே தொடரும், கெடுதல் மட்டும் குறையும். அப்படி என்றால் 12 டெஸ்லாவில் மாறுநிலை வெப்பநிலை புலமில்லாதபோது இருந்ததைவிட உயர வேண்டிய அவசியம் என்ன? விசையே கூடியிருக்கிறது என்பதைத்தான் அந்த 0.4 கெல்வின் காட்டுகிறது என்று நினைக்கிறேன். என்னை முழுமையாகச் சம்மதிக்க வைத்தது வேறு இரண்டு சோதனைகள். முதலாவது, அணுக்கரு காந்த ஒத்திசைவு (அணுக்கருக்கள் கொடுக்கும் சைகையை வைத்துச் சுற்றியுள்ள காந்தத்தை அளக்கும் முறை). கியோட்டோவில் இருப்பவர்கள் கோபால்ட் சேர்மத்தில் புலத்தின் கோணத்தை மாற்றி மாற்றி, காந்தம் எவ்வளவு ஆடுகிறது என்று நேரடியாக அளந்தார்கள், 2012-இல் வெளியானது. இந்தப் பொருளில் சி அச்சின் திசையில் ஒரு டெஸ்லா அளவுப் புலமே மீக்கடத்தலை அழித்துவிடுகிறது, ஏ அச்சின் திசையில் 20 டெஸ்லாவைத் தாண்டியும் அது தாங்குகிறது. சி அச்சின் திசையில் புலத்தின் சிறு பகுதி விழுந்தாலே காந்தத்தின் ஆட்டம் அடங்கிவிடுகிறது, ஆட்டம் அடங்கும் அதே கோணத்தில் மீக்கடத்தலும் அடங்குகிறது என்று அந்த அளவீடு காட்டியது. வெறும் ஊகமாக இருந்த தொடர்பு கண்ணுக்குத் தெரிகிற அளவீடாக மாறிய இடம் அது.

இரண்டாவது, புலத்துக்குப் பதிலாக விரலால் தள்ளுவதற்குச் சமமான ஒரு சோதனை. ரோடியம் படிகத்தைப் பி அச்சின் திசையில் மட்டும் அழுத்தினார்கள், எல்லாப் பக்கமும் இல்லை, அந்த ஒரு பக்கம் மட்டும். அழுத்தினால் காந்தம் பி அச்சின் பக்கம் திரும்புவது எளிதாகிறது, திரும்பும் புலம் 12 டெஸ்லாவிலிருந்து கீழே இறங்கி வருகிறது. அதோடு உயர்புல மீக்கடத்தலும் கீழே இறங்கி, கடைசியில் தாழ்புலப் பகுதியோடு சேர்ந்து ஒன்றாகிவிடுகிறது. புலமே இல்லாதபோது இருக்கிற மாறுநிலை வெப்பநிலையும் உயர்கிறது. 12 டெஸ்லா என்ற எண்ணில் எந்த மந்திரமும் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. காந்தத்தைத் தள்ளாட வைக்க அது ஒரு வழி, அவ்வளவே.

இதனால் என்ன பயன் என்று நண்பர் அப்புறம் ஒருமுறை கேட்டார். 0.4 கெல்வினில் வேலை செய்கிற, யுரேனியம் கலந்த ஒரு பொருளிலிருந்து யாரும் எம்.ஆர்.ஐ. கருவி செய்யப்போவதில்லை. ஒரே பக்கம் திரும்பிய இணைகள் குவாண்டம் கணினிக்கு உதவும் என்று சிலர் எழுதுகிறார்கள், அது இன்னும் நெடுந்தூரத்தில் இருக்கிறது. பயன் என்று நான் கருதுவது வேறு: இணைக்கும் விசையை வெளியிலிருந்து, ஒரே படிகத்தில், எதையும் கலக்காமல், ஒரு காந்தத்தைத் திருப்பி மட்டுமே கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. வழக்கமான மீக்கடத்தியில் அணிக்கோவையின் அதிர்வை அப்படி விருப்பம்போல மாற்றிப் பார்க்க வழியில்லை. மீக்கடத்தல் ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு என்ன இருக்க முடியும்?

40 டெஸ்லாவுக்கு மேலே

2019-இல் கதை இன்னும் தூரம் போனது. அமெரிக்காவின் மேரிலாந்தில் இருந்தவர்கள் யுரேனியமும் டெலூரியமும் சேர்ந்த படிகம் 1.6 கெல்வினில் மீக்கடத்தியாவதைக் கண்டார்கள், பிற்பாடு தூய படிகங்களில் அது 2 கெல்வினைத் தாண்டியது. இது ஃபெர்ரோ காந்தம் இல்லை, அதன் விளிம்பில் நிற்பது என்றுதான் முதலில் எழுதினார்கள். பிறகு நியூட்ரான் சோதனைகளில் ஃபெர்ரோ காந்த ஆட்டத்தைக் காணோம், அடுத்தடுத்த அணுக்கள் எதிரெதிராகத் திரும்பும் வகை ஆட்டமே தென்பட்டது. அந்த விவாதம் ஓயவில்லை. ஆனால் புலத்தில் அது நடந்துகொள்ளும் விதம் யாரையும் உட்கார விடாது. சந்திரசேகர் கணக்குப்படி 1.6 கெல்வினுக்கு 3 டெஸ்லாதான் எல்லை. பி அச்சின் திசையில் இது 35 டெஸ்லா வரை மீக்கடத்தியாகவே இருக்கிறது. 35-இல் யுரேனியத்தின் காந்தம் திடீரென்று ஒரு தாவு தாவுகிறது, அந்தத் தாவலோடு மீக்கடத்தல் அறுந்துவிடுகிறது. புலத்தை பி அச்சிலிருந்து சி அச்சின் பக்கம் 25 முதல் 40 பாகை வரை சாய்த்துப் பார்த்தபோது, 40 டெஸ்லாவுக்கு மேலே, அதாவது அந்தத் தாவலுக்குப் பிறகு, மீக்கடத்தல் மறுபடி வந்தது. லாஸ் அலமோஸில் இருக்கும் துடிப்புக் காந்தம் எட்டக்கூடிய 65 டெஸ்லா வரையிலும் அது நீடித்தது.

ரோடியம் படிகத்துக்குச் சொன்ன விளக்கம் இங்கே அப்படியே செல்லாது. அங்கே திருப்பத்தின் இரண்டு பக்கமும் மீக்கடத்தல் இருந்தது, திருப்பத்திலேயே உச்சம். இங்கே தாவலின் ஒரு பக்கத்தில், தாவல் முடிந்த பிறகு மட்டும் வருகிறது. காந்தம் ஒரு முடிவுக்கு வந்த பிறகு எது ஆடுகிறது? 2024-இல் வெளியான ஒரு ஆய்வு இதை மேலும் கூர்மையாக்கியது. கொஞ்சம் குறைபாடுகள் உள்ள படிகங்களை எடுத்துப் பார்த்தார்கள். புலமில்லாத நிலையில் அவை மீக்கடத்திகளே இல்லை, எவ்வளவு குளிர்வித்தாலும் மின்தடை இருந்துகொண்டே இருக்கிறது. அப்படிப்பட்ட படிகத்திலும் 40 டெஸ்லா சுற்றில், சாய்ந்த புலத்தில், மீக்கடத்தல் வந்தது. இதைத் திரும்பி வருவது என்றே சொல்ல முடியாது, அது முன்னால் அங்கே இருந்ததில்லை. 2025-இல் அந்த உயர்புலப் பகுதியை எல்லாக் கோணங்களிலும் அளந்து பார்த்தபோது, அது பி அச்சைச் சுற்றி ஒரு வளையமாக நிற்பது தெரிந்தது.

யாக்கரினோ–பீட்டர் கழித்தல்தான் இங்கே நடக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். தாழ்புலத்தில் இல்லாத மீக்கடத்தலைக் கழித்தலால் எப்படி மீட்க முடியும் என்பது என் தயக்கம், மேலே சொன்ன அதே தயக்கம்தான். அந்தப் புலத்தில் புதிதாக ஒரு இணைப்பு விசை பிறக்கிறது என்ற பக்கமே நான் சாய்கிறேன். இதைத் தீர்க்க வேண்டுமென்றால் கியோட்டோவில் கோபால்ட் படிகத்துக்குச் செய்ததை இங்கே 40 டெஸ்லாவுக்கு மேல் செய்ய வேண்டும், கோணத்தை மாற்றிக்கொண்டே காந்தத்தின் ஆட்டத்தை அளக்க வேண்டும். துடிப்புக் காந்தத்தில் புலம் நீடிப்பது சில பத்து மில்லிவிநாடிகள்தான், ஒத்திசைவு அளவீட்டுக்கு அது மிகக் கடினமான அவகாசம். டல்லஹாசியில் இருக்கும் 45 டெஸ்லா நிலைப்புலக் காந்தமோ அந்த வளையத்தின் கீழ்விளிம்பைத்தான் தொடுகிறது. அந்த விளிம்பிலாவது, அந்த நாற்பதுகளின் சில டெஸ்லாக்களுக்குள், டெலூரியம் அணுக்கருக்கள் கொடுக்கும் சைகையை யாராவது கோணவாரியாக எடுத்துக் காட்டுவார்களா என்று எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.